உங்களுக்குத் தெரியுமா? வார்டு வாசலில் மாறும் கணக்கு

இங்கிலாந்தின் அரசாங்க ஆஸ்பத்திரியில், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து சேர்பவர் எந்த நாட்டுப் பிரஜையாயினும், கையில் காசோ காப்பீடோ இல்லாதவராயினும், அங்கே அவருக்குச் செய்யப்படும் வைத்தியத்திற்குக் கட்டணமே இல்லை; ஆயினும், அதே மனிதரை உள்நோயாளியாகச் சேர்த்துக்கொண்ட கணத்திலிருந்து, விலக்குப் பெறாத வெளிநாட்டவராயின், நிர்ணயித்த கட்டணத்தில் 150 சதவீதம் அவர் பேரில் எழுதப்படுகிறது. பிள்ளைகளைப் பார்க்க விசிட் விசாவில் செல்லும் நம் பெற்றோர், பிரயாணக் காப்பீடின்றி விமானம் ஏறலாகாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

● காசநோய், மலேரியா முதலிய தொற்றுநோய்களுக்கு வார்டிலும் சிகிச்சை இலவசம். எச்.ஐ.வி. 2012-இல் இந்த வரிசையில் சேர்ந்தது. பணத்துக்கு அஞ்சி ஒருவர் வியாதியை மறைத்தால் ஊர் முழுவதற்கும் அபாயம் என்பதை உணர்ந்து செய்த, மெச்சத்தக்க ஏற்பாடு இது.

● பிரசவ சிகிச்சையைப் பணமில்லை என்று மறுக்கவோ தாமதிக்கவோ கூடாது. பில் மட்டும் பின்னால் வரும்.

● ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விசா கோருவோர், பெரும்பாலும், சுகாதார மேல்கட்டணத்தை விசாக் காலம் முழுமைக்கும் முன்கூட்டியே செலுத்துகின்றனர். 2015-இல் ஆண்டுக்கு 200 பவுண்டாகத் தொடங்கிய அது, 2024 பிப்ரவரியில் 1,035 பவுண்டாயிற்று, மாணவர்களுக்கு 776.

● 500 பவுண்டோ அதற்கு மேலோ ஆன ஆஸ்பத்திரிக் கடன் இரண்டு மாதம் தீராமல் நின்றால், அடுத்த விசா விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.