கிடைத்த ஊரிலேயே இருக்கட்டும்

அகழாய்வில் கிடைக்கும் பொருட்கள் அந்த ஊராரிடமே இருக்க வேண்டும் என்பதை நியாயம் சார்ந்த கோரிக்கையாக மட்டுமே பலர் பார்க்கிறார்கள். ஆய்வின் தரத்துக்கும் அதுவே நல்லது என்பதற்கு, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடலோரத்தில் உள்ள ஓசெட் கிராமம் சாட்சி. மாக்கா பழங்குடியினர் திமிங்கிலம் வேட்டையாடி வாழ்ந்த ஊர் அது. பல தலைமுறைகளுக்கு முன் ஒரு மண்சரிவு அங்கிருந்த வீடுகளைச் சேற்றுக்குள் அமிழ்த்திவிட்டது. 1970-ல் புயலலைகள் கரையை அரிக்க, அந்த வீடுகள் வெளியே தெரிந்தன. கடற்கரைக்கு வந்தவர்கள் கையில் அகப்பட்டதை எடுத்துச் செல்லத் தொடங்கியதும், பழங்குடித் தலைவர் எட் கிளாப்லன்ஹூ, தொல்லியலாளர் ரிச்சர்ட் டாஹர்ட்டியை அழைத்தார். ஊரார்தான் நிபுணரை அழைத்தார்கள். பின்னால் நடந்த அத்தனைக்கும் அதுவே அடிப்படை.

பதினோரு ஆண்டு அகழாய்வில் 55,000-க்கும் மேற்பட்ட பொருட்கள் கிடைத்தன. ஈரச் சேறு காற்றை அண்டவிடாததால் மரச்சாமான், கூடை, கயிறுகூட மட்காமல் இருந்தன. கருவி பட்டால் சிதையும் என்பதால் தண்ணீரைப் பீய்ச்சியே சேற்றைக் கரைத்தார்கள். மாக்கா இளைஞர்கள் உடனிருந்து வேலை கற்றார்கள். வெளியாளுக்கு வெறும் மரத்துண்டாகத் தெரிந்ததன் பயனை முதியவர்கள் சொன்னார்கள். மண்சரிவைப் பற்றி அவர்கள் வழிவழியாகச் சொல்லிவந்த செய்தியை மண்ணே உறுதிசெய்தது. 1979-ல் நியா பே என்ற அவர்களது ஊரில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பொருட்கள் அங்கேயே தங்கின.

உரிமை ஊராரிடம் போனால் ஆய்வு அவர்கள் விருப்பத்துக்கு வளையாதா என்ற கேள்வி தள்ளிவிடக்கூடியதல்ல. ஆனால் எந்தப் பொருள் எந்த அடுக்கில் கிடந்தது என்ற பதிவை யாருடைய விருப்பமும் மாற்றிவிடாது. ஓசெட் ஆய்வறிக்கைகள் நூல்களாக வெளிவந்து எவரும் சரிபார்க்கும் நிலையில் உள்ளன. முதியவர் சொல்லும் ஒரு சான்றே. அதையும் மற்றச் சான்றுகளோடு உரசிப் பார்க்கலாம். அதைக் கேட்காமலே விடுவதுதான் ஆய்வுக்கு இழப்பு. சிற்றூர்களுக்குப் பாதுகாக்கும் வசதி ஏது என்பது அடுத்த கேள்வி. நனைந்த மரத்தை வேதிப்பொருளில் ஊறவைத்துக் காப்பது செலவு பிடிக்கும் வேலைதான். ஆனால் வசதியில்லை என்பது பணமும் பயிற்சியும் கொடுப்பதற்கான காரணமே தவிர, பொருளைத் தூக்கிச் செல்வதற்கான காரணம் அல்ல. பொருட்கள் எங்கே வைக்கப்படும், ஊராரில் யாருக்குப் பயிற்சி தரப்படும் என்ற இரண்டுக்கும், முதல் குழி வெட்டும் முன்பே அனுமதி தரும் அரசுகள் எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.