லெவுகாவில் இறங்கினால் முதலில் கடலைப் பாருங்கள்

திருவண்ணாமலை மலையடியிலுள்ள அடி அண்ணாமலைக்காரர்களுக்கு லெவுகா சட்டென்று பழகிவிடும். எந்தத் தெருவில் நின்று தலையைத் தூக்கினாலும் மலைதான். எதிர்ப்பக்கம் மட்டும் வேறு: பசிபிக் கடல்.

பிஜியின் ஓவலாவ் தீவிலுள்ள குட்டித் துறைமுக ஊர் இது. பெரிய தீவின் நத்தோவி துறையிலிருந்து படகேறி வரலாம். கடலோரமாக நீளும் பீச் தெருவில் பழைய மரக்கடைகள் வரிசையாக நிற்கின்றன. அங்கிருக்கும் சேக்ரட் ஹார்ட் தேவாலயத்தின் கடிகாரம் ஒவ்வொரு மணியையும் இரண்டு தடவை அடிக்கும். முதலில் எண்ணத் தவறியவர்கள் ஒரு நிமிஷம் பொறுத்தால் போதும். மீன் வாடை வந்தால் முகம் சுளிக்காதீர்கள். 1964இல் தொடங்கிய சூரை மீன் ஆலைதான் ஊரில் பலருக்குச் சோறு போடுகிறது.

1874 அக்டோபர் 10 அன்று பிஜி பிரிட்டன் வசமானது இங்கேதான். அப்போது தலைநகரும் இதுவாகத்தான் இருந்தது. ஆனால் மலை செங்குத்தாக எழும்பி நிற்பதால் ஊர் விரிய இடமில்லை. 1882இல் தலைநகரம் சுவாவுக்குப் போய்விட்டது. அதனாலேயே பழைய தெரு இடிபடாமல் தப்பி, 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

பயணிகள் பெரும்பாலும் இந்த ஆங்கிலேயர் கதையோடு திரும்பிவிடுகிறார்கள். நாம் அப்படித் திரும்பக் கூடாது. கரைக்கு அப்பால் யனுதா லைலாய் என்றொரு சின்னஞ்சிறு தீவு இருக்கிறது. 1879 மே 14 அன்று, கல்கத்தாவிலிருந்து பிஜிக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்த லியோனிடாஸ் கப்பல் லெவுகாவை அடைந்தது. வழியில் காலராவும் அம்மையும் பரவியிருந்ததால், 460க்கும் மேற்பட்டவர்களை ஊருக்குள் விடாமல் அந்தத் தீவில் ஒதுக்கிவைத்தார்கள். கரும்புக் காட்டைக் கண்ணால் பார்க்கும் முன்பே அங்கே சிலர் செத்துப்போனார்கள்.

அந்தக் கப்பலில் வந்தவர்கள் பெரும்பாலும் வட இந்தியர்கள். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் கிளம்பின. 1916 வரை பிஜிக்குப் போன சுமார் 60,000 பேரில் ஏறக்குறைய 15,000 பேர் தெற்கத்தியர்கள். அவர்களை அதிகமாக அனுப்பிய மாவட்டங்களில் ஒன்று, நம் பழைய வட ஆற்காடு.

ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்றச் சீட்டு எழுதினார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம், உடம்பிலுள்ள அடையாளம் எல்லாம் அதில் உண்டு. சுவாவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அவை இருக்கின்றன. கொள்ளுத் தாத்தாவின் அண்ணனோ தம்பியோ ‘பிஜித் தீவு’ போனதாக உங்கள் வீட்டில் பேச்சு இருந்தால், லெவுகாவிலிருந்து திரும்பும்போது சுவாவுக்கென்று ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். பெயரோடு ஊர்ப் பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள்.