குடற்புழு தாக்கிய ஆட்டுக்கு மயில்துத்தம் கொடுக்கலாமா?

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் நாட்களில் மதுரைச் சமவெளியில் செம்மறி ஆடுகள் மெலியத் தொடங்குகின்றன. மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் பக்கங்களில் வாய்க்கால் ஓரமும் கண்மாய்க் கரையும் பச்சைப் பசேல் என்று இருக்கும். ஆடு வயிறு நிறைய மேய்ந்தும் உடம்பு தேறாது. கீழ் இமையின் உட்புறம் வெளுக்கும். தாடைக்கு அடியில் நீர் கோத்துப் பை போலத் தொங்கும். மாலையில் பட்டியில் அடைத்த குட்டி காலையில் எழுந்திருக்காது.

"ரத்தம் இல்லை, தாமிரச் சத்துக் குறைவு" என்று யாராவது சொல்ல, உரக்கடையில் மயில்துத்தம் வாங்கிக் கரைத்து ஆட்டின் வாயில் ஊற்றுவது பழைய வழக்கம். அது இன்னும் முழுதும் மறைந்துவிடவில்லை.

இந்த வழக்கத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. நவீன மருந்துகள் வருமுன் பல நாடுகளில் கால்நடை மருத்துவர்களே நூற்றுக்கு ஒரு பங்கு மயில்துத்தக் கரைசலைத்தான் ஆடுகளுக்குப் புழு மருந்தாகக் கொடுத்தார்கள். சில இடங்களில் புகையிலைச் சத்தான நிகோடினையும் சேர்த்தார்கள். 1961-இல் தயாபென்டசோல் வந்தது. அதன் பிறகு வந்த மருந்துகள் துத்தத்தை ஓரங்கட்டின. ஆனால் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள தூரம் செம்மறி ஆட்டுக்கு மிகக் குறைவு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வளர்ந்த ஒரு செம்மறி ஆடு நாளுக்கு ஒரு கிலோ உலர் தீவனம் தின்கிறது என்று வைத்துக்கொண்டால், அதற்குத் தேவையான தாமிரம் 5 முதல் 10 மில்லிகிராம்தான். மயில்துத்தத்தில் கால் பங்கு தாமிரம். நூற்றுக்கு ஒரு பங்குக் கரைசலில் 50 மில்லி ஊற்றினால் அரை கிராம் துத்தம், அதாவது சுமார் 125 மில்லிகிராம் தாமிரம், ஒரே மடக்கில் உள்ளே போகிறது. கண்ணளவில் ஒரு சிட்டிகை அதிகம் போட்டுக் கரைப்பவர் எவ்வளவு கொடுக்கிறார் என்பது அவருக்கே தெரியாது.

மாட்டுக்கு இந்த ஆபத்து குறைவு. தீவனத்தில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை மாடு தாங்கும். வெள்ளாடும் ஏறக்குறைய அப்படியே. செம்மறிக்கு 15 மில்லிகிராமே எல்லை என்று அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 2005-இல் வகுத்தது. செம்மறியின் கல்லீரல் உபரித் தாமிரத்தைப் பித்தநீரில் எளிதாக வெளியேற்றாது. சேர்த்து வைத்துக்கொண்டே போகும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு நெடுந்தூர நடை, பட்டினி, குட்டி ஈனுதல், அடைமழை என்று ஏதாவது ஒரு நெருக்கடி வந்ததும் கல்லீரல் அத்தனை தாமிரத்தையும் ரத்தத்தில் கொட்டிவிடும். ரத்த அணுக்கள் உடைந்து சிறுநீர் காப்பி நிறத்தில் போகும், கண் மஞ்சளாகும், ஓரிரு நாளில் ஆடு சாகும். துத்தம் ஊற்றியதை அதற்குள் எல்லோரும் மறந்திருப்பார்கள். பாம்பு தீண்டியது என்றோ, விஷப் புல் தின்றது என்றோ பேச்சு போய்விடும்.

தாமிரக் குறைவு பொய்யான நோய் அல்ல. மேற்கு ஆஸ்திரேலியாவில் பின்கால் தள்ளாடி விழுந்த குட்டிகளுக்குத் தாமிரக் குறைவே காரணம் என்று பென்னட்ஸ் என்ற கால்நடை அறிஞர் 1937-இல் காட்டினார். மாட்டில் கண்ணைச் சுற்றி ரோமம் வெளுத்துக் கண்ணாடி போட்டாற்போல் தெரிவதும், கிடாரி காலத்தில் பருவத்துக்கு வராததும் அதன் அடையாளங்கள். மண்ணில் மாலிப்டினம் கூடினாலும் இதே குறை வரும்; வயிற்றில் அது தாமிரத்தைப் பிடித்துக்கொள்ளும். இங்கிலாந்தில் சாமர்செட் புல்வெளிகளில் மாடுகள் ஓயாமல் கழிந்ததன் காரணம் மாலிப்டினம்தான் என்பது 1938-இல் தெரியவந்தது.

ரத்தம் சொல்லும் பொய்

அப்படியானால் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துக் கொடுக்கலாமே என்று தோன்றும். நாட்பட்ட நோய் உள்ள பிராணியில் சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

ரத்தத்தில் உள்ள தாமிரத்தின் பெரும்பகுதியைச் சுமப்பது செருலோபிளாஸ்மின் என்ற புரதம். அதைக் கல்லீரல் உண்டாக்குகிறது. உடம்பில் கிருமியோ அழற்சியோ இருந்தால் கல்லீரல் இந்தப் புரதத்தை அதிகமாக உண்டாக்கி அனுப்பும். ரத்தத்தில் தாமிரம் ஏறும். அதே நேரத்தில் இரும்பும் துத்தநாகமும் இறங்கும். கிருமிக்கு இரும்பு கிடைக்காமல் உடம்பு ஒளித்து வைக்கிறது. தாமிரத்தையோ கிருமியைக் கொல்லவே பயன்படுத்துகிறது. கிருமியை விழுங்கிய வெள்ளணு, அதன்மேல் தாமிரத்தைப் பாய்ச்சுகிறது. மனிதரில் காசநோயாளியின் ரத்தத்திலும் தாமிரம் ஏறித் துத்தநாகம் இறங்கியே காணப்படும். மடிநோய், குளம்பு அழுகல், ஆறாத புண் உள்ள ஆடு மாடுகளிலும் இதே போக்குத்தான்.

ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.5 மில்லிகிராம் வரை தாமிரம் இருந்தால் சரியான அளவு என்பார்கள். சீழ்ப்புண்ணுள்ள ஆட்டில் இந்த அளவு சரியாகவே இருக்கும், கல்லீரலோ காலியாக இருக்கக்கூடும். நச்சு ஏறும் ஆட்டிலும் கடைசி நெருக்கடி வரும்வரை ரத்தம் சரியாகவே காட்டும். தெருவில் போகும் நெல் வண்டிகளை எண்ணிக் குதிரில் எவ்வளவு நெல் என்று சொல்ல முடியுமா? குதிர் என்பது இங்கே கல்லீரல்.

புழு விஷயத்தில் இன்னொரு கோணலும் உண்டு. நாலாம் வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் புழு ஒவ்வொன்றும் நாளுக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தத்தைப் போக்குகிறது. ஐயாயிரம் புழு இருந்தால் கால் லிட்டர். இவ்வளவு ரத்தம் போன ஆடு வெளுக்காமல் என்ன செய்யும்? அது தாமிரக் குறைவின் வெளுப்பு அல்ல. புழுக்கள் நாலாம் வயிற்றைப் புண்ணாக்கி அங்குள்ள அமிலத்தைக் குறைத்துவிட்டால், தீவனத் தாமிரமும் சரிவர உடம்பில் சேராது. ஆகவே புழுவை நீக்குவதே முதல் வேலை. பல ஆடுகளில் அதற்குமேல் தாமிரம் தேவைப்படாது.

கொடிக்காலும் கழிவுநீரும்

துத்தம் வாயில் ஊற்றினால்தான் ஆட்டுக்குள் போகும் என்பதில்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான் வெற்றிலை, அகத்தி மரத்தில் படரும் கொடி. வாடல் நோய்க்குக் கொடியின் அடியில் போர்டோ கலவை ஊற்றுகிறார்கள். நூற்றுக்கு ஒரு பங்குக் கலவை என்றால் 100 லிட்டர் நீரில் ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும். கொடிக்காலில் கழித்த அகத்தித் தழை ஆட்டுக்கு அருமையான தீவனம். கலவை தெறித்த தழை அப்படியல்ல. அடித்தழையை ஒதுக்கி மேல்தழையை மட்டும் ஆட்டுக்குப் போடலாம். கலவை ஊற்றிய கொடிக்காலில் செம்மறியைக் களை மேயவிடுவது கூடாது. புல்லோடு மண்ணையும் சேர்த்து மேய்வது செம்மறியின் குணம்.

மதுரை நகரின் சாக்கடை நீரில் அவனியாபுரத்தில் நீண்டகாலம் தீவனப் புல் வளர்த்தார்கள். கழிவுநீரில் தழைச்சத்து மிகுதி, புல் செழிக்கும், கறவை மாடும் விரும்பித் தின்னும். பட்டறை, சாயக் கழிவுகள் கலந்த நீரானால் காட்மியமும் ஈயமும் சேர்ந்தே வரும். காட்மியம் சிறுநீரகத்தில் தங்குவதோடு, குடலில் தாமிரம் ஏறும் வழியையும் அடைத்துவிடும். அப்படிப்பட்ட மாட்டுக்குத் தாமிரக் குறைவு வந்தால் துத்தம் கொடுத்துப் பயனில்லை, புல்லை மாற்றவேண்டும். பழைய பாட்டரி உடைக்கும் இடங்களின் அருகே கன்றுகளைக் கட்டுவது அதைவிட மோசம்.

செம்மறி வளர்ப்போர் மழைக்காலம் முடிந்ததும் செய்ய வேண்டியது அதிகமில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஆட்டின் கீழ் இமையையும் வெளிச்சத்தில் விலக்கிப் பார்த்து, வெளுத்தவற்றைத் தனியே பிரிக்கவேண்டும். தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே வண்ண அட்டை செய்திருக்கிறார்கள். பழகிய கண்ணுக்கு அட்டை இல்லாமலே தெரியும். பனி உலருமுன் ஈரப்புல்லில் மேய்க்கக் கூடாது, புழுவின் இளம் பருவம் நுனிப்புல்லில் ஏறி நிற்கும் நேரம் அது. புதுப் புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் சோதித்து, சொன்ன மருந்தை எடைக்கேற்பக் கொடுக்கலாம். மாட்டுக்கான தாது உப்பையோ, கோழித் தீவனத்தையோ, கோழி எருவையோ செம்மறிக்குப் போடக் கூடாது. நுண்ணிய தாமிர ஆக்ஸைடு கம்பித் துணுக்குகளை உறையில் அடைத்துப் புழுவுக்குக் கொடுக்கும் புது முறையும் உண்டு; மருத்துவர் அளந்து கொடுத்தால் மட்டுமே அது மருந்து.

மந்தையின் தாமிர நிலையை உறுதியாக அறிய உயிருள்ள ஆட்டை வருத்த வேண்டியதில்லை. கோயில் கிடாவெட்டுக்கோ பொங்கலுக்கோ சொந்த மந்தையில் ஓர் ஆடு அறுபடும்போது, கைப்பிடி கல்லீரலைச் சுத்தமான பாலிதீன் பையில் இட்டுப் பனிக்கட்டியில் வைத்து மருந்தகத்தில் கொடுத்தால், எந்த ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்பதை மருத்துவர் சொல்வார். அறுப்பதற்கு இரண்டு நாள் முன்பே அவரிடம் சொல்லிவைப்பது நல்லது.