முள் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும், தெரியுமா?

டர்போ காருக்கு ஆசை ஆசையாக பூஸ்ட் கேஜ் வாங்கி மாட்டியாயிற்று. இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் முள் விர்ரென்று ஏறும் என்று பார்த்தால், பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி நிற்கிறது! பதறவே வேண்டாம். பெட்ரோல் இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது த்ராட்டில் ஏறக்குறைய மூடியே இருக்கும். பிஸ்டன்கள் காற்றுக்காக இழுக்க இழுக்க, மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சுமார் 0.6 பார் குறைந்துவிடும். டிராஃபிக்கில் ஊர்ந்தே போனால், பூஜ்யத்தை ஒருமுறைகூடத் தாண்டாமல் வீடு வந்து சேரலாம். இவ்வளவு செலவழித்தது இதற்குத்தானா என்று கேட்காதீர்கள்!

அந்த முள்ளை ஆட்டுவிப்பது யார் தெரியுமா? பல மெக்கானிக்கல் கேஜ்களில், வளைத்துத் தட்டையாக்கிய ஒரு சின்ன உலோகக் குழாய். திருவிழாவில் விற்கும் சுருள் ஊதல் ஊத ஊத நீள்கிறதே, அப்படித்தான் இதுவும் அழுத்தம் ஏற ஏற நிமிரப் பார்க்கும். பிரான்சின் யூஜின் பூர்தோன் இதற்குக் காப்புரிமை பெற்றது 1849-ல். சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி டர்போவுக்கு வாங்கியது 1905-ல். ஆக, டர்போவைவிட மீட்டர் 56 வயது மூத்தது!

1962-ல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற டர்போ காருக்குக் கம்பெனியிலேயே கேஜ் உண்டு. கூடவே ஒரு தனி டேங்க்! மெத்தனால் கலந்த காய்ச்சி வடித்த நீரை இன்ஜினுக்குள் பீய்ச்சினால்தான் முழு பூஸ்ட் கிடைக்கும். பலர் அதை நிரப்ப மறந்தார்கள். டர்போவையே கழற்றிப் போட்டவர்களும் உண்டு.

சரி, மாட்டுகிற வேலைக்கு வருவோம். முழு சூட்சுமமும் கேஜுக்கான டி-ஜாயின்ட்டை எங்கே சொருகுகிறோம் என்பதில்தான்! த்ராட்டிலுக்கு முன்னால் சொருகினால், பூஜ்யத்துக்குக் கீழே போகும் அந்த வெற்றிடம் கண்ணில் படாது. பிரேக் பூஸ்டர் ஹோஸில் ஒருவழி வால்வு இருக்கிறது. அதற்கு அந்தப்பக்கம் சொருகினால் முள் வெற்றிடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டுக்குப் போகும் ஹோஸை மட்டும் தொடவே தொடாதீர்கள்! அதில் காற்று கசிந்தால் வேஸ்ட்கேட் நேரத்துக்குத் திறக்காது, பூஸ்ட் எல்லை மீறும். கேஜ் மாட்டப் போய் இன்ஜினைக் கழற்றிய கதையாகிவிடும். மேனிஃபோல்டிலிருந்து நேராக வரும் மெல்லிய வேக்யூம் ஹோஸ்தான் சரியான இடம். முள் படபடவென நடுங்குகிறதா? ஊசித்துளை போட்ட ஒரு சின்ன அடைப்பை ஹோஸுக்குள் செருகினால் அடங்கும். ஹோஸ் காருக்குள் நுழையும் இன்ஜின் தடுப்புத் தகட்டின் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம். இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பே ஹோஸை அறுத்துவிடும். கண்ணாடி ஓரத்துத் தூணில் கேஜ் பொருத்துவது அழகுதான். ஆனால் பல கார்களில் அந்த உறைக்குள் ஏர்பேக் இருக்கிறது, ஜாக்கிரதை!

இத்தனை பாடும் வேண்டாம் என்பவர்களுக்கு 2007-ல் வந்தது நிஸான் ஜிடி-ஆர். அதில் பூஸ்டையும் காட்டும் திரையை வடிவமைத்தவர்கள் யார் தெரியுமா? கிரான் டூரிஸ்மோ வீடியோ கேம் செய்யும் பாலிஃபனி டிஜிட்டல்காரர்கள்!