சாம்பல் சொன்ன சாட்சி

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாளில், பழவேற்காட்டுக் கடலோரக் குப்பங்களுக்கு முன்கூட்டியே தகவல் வந்துவிடும்: கடலுக்குப் போகாதீர்கள். ஆரம்பாக்கத்தில் நின்று பார்த்தாலே ராக்கெட் எழும்புவது தெரியும். அரசு சொன்ன எல்லைக்கு வெளியே ஆபத்தில்லை என்று நம்பித்தான் மீனவர்கள் வலை போடுகிறார்கள். 1954 மார்ச் 1 அன்று, பசிபிக் கடலில் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியர் 23 பேரும் அப்படித்தான் நம்பினார்கள்.

அவர்களுடைய படகின் பெயர் 'டைகோ ஃபுகுர்யூ மாரு'. அமெரிக்கா தன் அணுகுண்டுச் சோதனைகளுக்காக அறிவித்திருந்த அபாய எல்லைக்கு வெளியேதான் படகு நின்றது. பிகினி தீவில் அன்று சோதித்த ஹைட்ரஜன் குண்டு, கணித்ததைவிட இரு மடங்குக்கும் மேலாக, 15 மெகாடன் சக்தியோடு வெடித்தது. சில மணி நேரம் கழித்துப் படகின் மேல் வெள்ளைச் சாம்பல் பொழிந்தது. பவளப்பாறை பொடிந்து வந்த தூள் அது. தலையிலும் தோளிலும் சாம்பல் விழ விழ அவர்கள் தூண்டில் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். தோல் வெந்தது, தலைமுடி கொட்டியது. படகின் வானொலித் தொடர்பாளர் ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23 அன்று இறந்தார். மற்றப் படகுகள் பிடித்துவந்த மீனிலும் கதிரியக்கம் தெரிய, டன் கணக்கில் வீசினார்கள். மீனுக்கு விலையே இல்லாமல் போனது.

இத்தகைய குண்டுகள் கிளப்பும் மேகத்துக்குள் வேண்டுமென்றே விமானம் ஓட்டியவர்களும் உண்டு. வெடித்த குண்டில் எந்தப் பொருள் இருந்தது, எவ்வளவு எரிந்தது என்பதெல்லாம் அந்த மேகத்தின் துகள்களில் தெரிந்துவிடும். முதலில் அமெரிக்கர்கள் ஆளில்லா விமானங்களையே அனுப்பினார்கள். 1948-ல் பால் ஃபேக்லர் என்ற விமானி தற்செயலாக மேகத்துக்குள் புகுந்து உயிரோடு திரும்பியதும் மனிதர்களை அனுப்பத் தொடங்கினார்கள். இறக்கை நுனியில் வடிதாள் பொருத்தியிருக்கும். தரையிறங்கியதும், விமானத்தின் உடம்பில் கை படாதபடி விமானியைத் தூக்கி இறக்குவார்கள். நீண்ட இடுக்கியால் தாளை எடுத்து ஈயப் பெட்டியில் வைப்பார்கள்.

1952 நவம்பர் 1 அன்று அமெரிக்காவின் 'மைக்' ஹைட்ரஜன் குண்டின் மேகத்துக்குள் போன விமானி ஜிம்மி ராபின்சன், எரிபொருள் தீர்ந்து கடலில் விழுந்தார். உடல் கிடைக்கவே இல்லை. அந்த மேகத்தில் எடுத்த மாதிரிகளில்தான் ஐன்ஸ்டீனியம், ஃபெர்மியம் என்ற இரு புதிய தனிமங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. செய்தி 1955 வரை வெளியே வரவில்லை.

விமானங்கள் கொண்டுவந்தவை ரகசிய ஆய்வகங்களுக்குள் போயின. படகு கொண்டுவந்த சாம்பலை மறைக்க யாராலும் முடியவில்லை. டோக்கியோவில் வேதியியலாளர் கென்ஜிரோ கிமுராவின் குழு அதில் யுரேனியம்-237 இருப்பதைக் கண்டது. ஜப்பானிய அளவீடுகளை வைத்து இயற்பியலாளர் ஜோசப் ரோட்பிளாட் குண்டின் அமைப்பையே ஊகித்தார். குண்டு வைத்திருந்தவர்கள் சொல்லாத உண்மை மீனவர்களின் உடம்பு வழியாக வெளியே வந்தது. இதைவிடக் கொடிய முறையில் ஓர் உண்மை வெளிவர முடியுமா?

1954 ஏப்ரல் 2 அன்று, அணுகுண்டுச் சோதனைகளை உடனே நிறுத்திவைக்க வேண்டும் என்று நேரு நாடாளுமன்றத்தில் கேட்டார். 1963-ல் வளிமண்டலச் சோதனைகளைத் தடைசெய்யும் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திட்டது. சீனாவின் கடைசி வளிமண்டலச் சோதனை 1980 அக்டோபர் 16-ல் நடந்தது. அதன் பிறகு எந்த நாடும் வானில் அணுகுண்டைச் சோதிக்கவில்லை. அமெரிக்காவின் துகள் சேகரிக்கும் விமானங்கள் மட்டும் இன்றும் பறக்கின்றன.

நம் கடற்கரையில், அணுமின் நிலையம் உள்ள கல்பாக்கத்தின் சுற்றுச்சூழல் ஆய்வகம் மீனையும் நீரையும் மண்ணையும் எடுத்துக் கதிரியக்கத்தை அளக்கிறது. அந்த அளவீடுகளைத் தமிழில், மீனவர்களுக்குப் புரியும்படி, மீன் இறங்குதளங்களிலேயே ஒட்டி வைக்க வேண்டும். கடலை நம்பிப் பிழைப்பவர்களுக்கு அது சலுகை அல்ல, உரிமை.