பால்மரம் யார் வீட்டுப் பிள்ளை?

வெயில் ஏறினால் பால்மரத்தில் காய் 'படார்' என்று வெடிக்கும். ரப்பர் கொட்டை சிதறும். பிள்ளைகள் அதைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து, சூடேறியதும் பக்கத்திலிருப்பவன் தொடையில் வைத்து அலற விடுவார்கள். அந்தக் கொட்டைக்குச் சொந்தக்காரர் யார் என்று என்றைக்காவது கேட்டோமா?

பால்மரம் நம்ம ஊர் மரமல்ல, தோழர்களே. பிரேசில் நாட்டு அமேசான் காட்டு மரம். 1876-இல் ஹென்றி விக்கம் என்ற வெள்ளைக்காரர் ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கப்பலேற்றினார். முளைத்தது மூவாயிரத்துக்கும் குறைவு. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாருக்குப் போயின. நாம் வெட்டிய மரங்களில் பெரும்பாலானவை விக்கம் கொண்டுபோன அந்தச் சின்னக் குடும்பத்து வாரிசுகளே. காலங்காலமாக அந்த மரத்தை அறிந்திருந்த அமேசான் மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போது அதைத் தடுக்க அங்கே சட்டமும் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

(செம்பனைக்காரர்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் மரத்தின் தாய்வழி 1848-இல் ஜாவாவின் போகோரில் நட்ட நான்கே கன்றுகள். தாய்வீடு ஆப்பிரிக்கா.)

"ஒரே குடும்பமா இருந்தா என்ன கெட்டுப்போச்சு?" என்பீர்கள். தென்னமெரிக்காவில் இலைக் கருகல் என்றொரு பூஞ்சை நோய் உண்டு. மோட்டார் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு 1928 முதல் அமேசானில் பெருந்தோட்டம் போட்டுப் பார்த்தார். இலை கொட்டி மரமெல்லாம் மொட்டை. 1945-இல் பிரேசில் அரசாங்கத்திடமே தள்ளிவிட்டுப் போனார்கள். அந்த நோய் இங்கே வந்தால் நம் மரங்கள் தாங்காது. பால் இல்லையென்றால் பிரட்டு ஏது, சம்பளம் ஏது? நோயைத் தாங்கும் மரத்தைத் தேடுவதென்றால் தாய்வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

போனார்கள். இந்தத் தடவை கேட்டுக்கொண்டு போனார்கள். 1981-இல் அனைத்துலக ரப்பர் ஆராய்ச்சி, மேம்பாட்டு வாரியமும் பிரேசிலும் சேர்ந்து 64,736 விதைகள் திரட்டின. பாதி பிரேசிலிலேயே நின்றது. மிச்சத்தில் பெரும்பங்கு மலேசியாவுக்கு, சிறுபங்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டுக்கு.

இப்படிக் கேட்டு வாங்கி, பங்கு பிரிப்பதைத்தான் 1992-இல் ரியோவில் உலக நாடுகள் ஒப்பந்தமாக எழுதின. செடியும் விதையும் அந்தந்த நாட்டின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. எடுக்கிறவன் அனுமதி வாங்க வேண்டும், பலனில் பங்கு தர வேண்டும். மலேசியா 1994-இல் சேர்ந்தது. 2010-இல் நாகோயாவில் பங்கு விஷயத்தை இன்னும் இறுக்கினார்கள். நம் நாட்டில் 2017-இல் சட்டம் போட்டு, 2020 டிசம்பரில் அமலாக்கினார்கள். ஓராங் அஸ்லி மக்களின் நிலத்தில் மூலிகை தேடி ஒரு கம்பெனி வந்தால், இனி அவர்கள் சம்மதம் வேண்டும். நல்ல காரியம்.

ஆனால், 1876 கணக்கு இதில் ஏறாது. அமேசான் மக்களுக்கும் பழைய பாக்கி கிடையாது. விடியுமுன்னே எழுந்து அந்த மரத்தைச் சீவிய நம் பாட்டன் பாட்டிக்கும் அதில் ஒரு வரி கிடையாது.

கோலகங்சார் பக்கம் போனால், மாவட்ட அலுவலகத்தருகே வேலிக்குள் ஒரு கிழட்டுப் பால்மரம் நிற்கும். அந்த ஒன்பதில் ஒன்று என்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.