வயிற்று உப்புசமா? காலில் ஊசி!

கல்யாண வீட்டில் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டு வருகிறீர்கள். கொஞ்ச நேரத்தில் வயிறு கல் மாதிரி உப்பிக் கொள்கிறது. 'கேஸ் ட்ரபிள்தான், ஒரு சோடா குடிங்க' என்கிறார் மனைவி. 'அக்குபங்சர் பண்ணிப் பாருங்க சார்' என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வயிற்றுக்குக் காலில் ஊசியா? சிரிக்காதீர்கள்!

1971 ஜூலை. 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் சீனத் தலைநகர் போயிருந்தபோது அவருக்குக் குடல்வால் வீங்கிவிட்டது. மரத்துப்போக ஊசி மருந்து போட்டு ஆபரேஷன் செய்தார்கள். மறுநாள் இரவு வயிறு உப்பி ஒரே அவஸ்தை! சீன டாக்டர், வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழேயும் மெல்லிய ஊசிகளைச் செருகித் திருகினார். மூலிகையைக் கொளுத்தி வயிற்றருகே சூடு காட்டினார். ஒரு மணி நேரத்துக்குள் உப்புசம் நன்றாகக் குறைந்தது என்று ரெஸ்டனே எழுதினார்.

முழங்கால் சில்லுக்குக் கீழே நான்கு விரற்கடை, அங்கிருந்து வெளிப்பக்கமாக ஒரு விரற்கடை. இதுதான் வயிற்றுக்கு முக்கியமான 'சூ சான் லி' புள்ளி. குமட்டலுக்கு 'நெய் குவான்': உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டு ரேகைக்கு மேலே மூன்று விரற்கடை, இரண்டு நரம்பு போலத் தெரியும் தசைநார்களுக்கு நடுவே. பஸ்ஸில் குமட்டுகிறதா? கட்டைவிரலால் இங்கே இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பாருங்கள். ஊசி குத்துவதை மட்டும் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள். புது ஊசியைக் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் இது கேட்குமா? ஆபரேஷனுக்குப் பின்னும், புற்றுநோய் மருந்தாலும் வரும் குமட்டல், வாந்திக்குப் பலன் உண்டு என்று 1997ல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு சொன்னது. ஆனால், சாப்பிட்டவுடன் பாத்ரூமுக்கு ஓட வைக்கும் 'எரிச்சல் குடல்' தொல்லையில், நிஜ ஊசியும் ஒப்புக்குக் குத்திய ஊசியும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தந்தன என்று 2012ல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு காட்டியது.

இன்னொரு விஷயம், இதுதான் முக்கியம். நெஞ்சில் பாரம், குப்பென்று வியர்வை, தாடைக்கோ தோளுக்கோ பரவும் வலி, மூச்சு வாங்கல்... இருந்தால் 'கேஸ்தானே' என்று சும்மா இருந்து விடாதீர்கள். மாரடைப்பாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.ஸி.ஜி. எடுங்கள். கறுப்பாக மலம் போனாலும், ரத்த வாந்தி எடுத்தாலும், காரணமில்லாமல் உடம்பு இளைத்தாலும், விழுங்கச் சிரமப்பட்டாலும் முதலில் டாக்டர்தான்.

ரெஸ்டனுக்கும் அப்படித்தானே நடந்தது? குடல்வாலை எடுத்தது கத்தி. அப்புறம்தான் ஊசி. இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்!